கனி எழுத்து

உள்ள வாங்கண்ணே. நீங்க எப்சி அப்பாதான? மூக்கைப் பாத்தாலே தெரியுது. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. அவ சேர்தான். இப்ப இதுல யாரும் உக்காரல.

குடை, டிபன் பாக்ஸு, முதுகுக்கு வச்சுக்கிடுற சின்னத் தலகாணி எல்லாம் இந்தப் பையில இருக்கு. நான்தான் எடுத்து வச்சேன். யாரும் சொல்லல, நானாத்தான் வச்சேன். பகை வேற, பொருள் வேற. அடுத்தவ பொருளை அமுக்கி வச்சுக்கிடுற ஆள் இல்ல இந்தச் சண்முகக்கனி.

என்ன நடந்துச்சுன்னு வீட்ல சொல்லலையா? வாயே தொறக்கலையா? அழுத்தக்காரிண்ணே உங்க பொண்ணு. இங்கயும் அப்படித்தான், ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. சரி, நீங்க கேக்குறீங்க, நான் சொல்றேன். நடுவுல கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிரக் கூடாது. சின்னக் கடைத் தெரு பூராவும் ஒரு பேச்சு ஓடுது, கனிக்கு எப்சி மேல பொறாமையாம். பொறாமையா? எனக்கா? அவ அனா ஆவன்னா எழுதிப் பழகுன காலத்துல நான் இந்த அருப்புக்கோட்டை முழுக்க எழுதி முடிச்சிட்டேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு, பொங்கல் விழா, எது வந்தாலும் என் எழுத்துதான் தொங்கும். எனக்கு என்னத்துக்குப் பொறாமை?

எழுத்துன்னு சொன்னேன்ல, அதுலதான் விசயமே இருக்கு. நீங்க லேத் பட்டறைதான வச்சிருக்கீங்க? உங்களுக்கு டூல் மாதிரி எங்களுக்கு ஃபாண்டு. படம் வரையிற சாப்ட்வேர்ல எழுத்துப் பட்டனை அமுக்கி, பக்கத்துல ஒரு கிளிக்கு வச்சு, அடிக்க ஆரம்பிக்கணும். எந்த ஃபாண்டு வச்சிருக்கோமோ அந்த முகத்துல எழுத்து வந்து நிக்கும். குண்டா, ஒல்லியா, சாய்ஞ்சு, கோலம் மாதிரி, எத்தனையோ இருக்கு. இந்தக் கடை தொறந்த புதுசுல ஒரு பழைய சீடியில இருந்து நான் தேடிப் புடிச்சேன் ஒரு ஃபாண்டு. அதுக்குப் பேருன்னு ஒண்ணும் கிடையாது, ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் ஒரு நம்பரும்தான். ஆனா என்னா லட்சணம்ங்கிறீங்க! நின்னா மலை மாதிரி நிக்கும். தூரத்துல பஸ்ஸுல போறவன் கூட வாசிச்சிட்டுப் போவான்.

அதுக்குப் பேர் வச்சது அண்ணாச்சிதான். தனுஷ்கோடி அண்ணாச்சி. உங்களுக்கும் பழக்கம்தான? இந்தக் கடை முதலாளி. ஒரு நாள் கஸ்டமர் ஒருத்தரு வந்து, "நல்ல எழுத்தாப் போடுங்க அண்ணாச்சி"ன்னு கேட்டாரு. அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டி, "கனி எழுத்துலயே போட்டுருவோம்"ன்னாரு. அன்னையில இருந்து அதுக்குப் பேரு கனி எழுத்து. ஊருக்குள்ள இருந்து வர்றவங்களும் அப்படித்தான் கேப்பாங்க. "யக்கா, கனி எழுத்துல பத்துக்கு எட்டடியில ஒரு பிளக்ஸு." எப்படி இருக்கும் எனக்கு? பெத்த பிள்ளைக்குப் பேர் வச்ச மாதிரி இருக்கும். எனக்குப் பிள்ளை குட்டின்னு யாரு இருக்கா? கல்யாணமே பண்ணிக்கிடல. அதை விடுங்க.

காலையில கடை தொறந்ததும் அண்ணாச்சி டீ கிளாஸோட வந்து என் சேருக்குப் பின்னால நிப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. நான் அடிக்கிறதைப் பாத்துக்கிட்டே டீயை உறிஞ்சுவாரு. கடைசியில "ம்"னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். அந்த "ம்"முக்கு எத்தனை அர்த்தம்ங்கிறீங்க! நல்லாருக்குன்னா ஒரு ம், கலரைக் குறைன்னா ஒரு ம். எனக்கு மட்டும்தான் பிரிச்சுத் தெரியும். அவரு சம்சாரம் ஆச்சிக்குக் கூடத் தெரியாது, அடிச்சுச் சொல்வேன். எனக்குக் கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. அண்ணன் மாதிரின்னா அண்ணனேதான்.

அப்பத்தான் உங்க பொண்ணு வந்தா.

வந்த அன்னைக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரி, நெத்தியில ஒண்ணுமில்லாம, "வணக்கம் அக்கா"ன்னா. ஏதோ பாவம், புள்ள கத்துக்கிடட்டுமேன்னு நினைச்சேன். நாலு நாள் கழிச்சுப் பாத்தா, அவ எந்த ஃபாண்டையும் தொட மாட்டேங்குறா! எழுத்தை அவளே வரையிறாண்ணே. ஒரு கோட்டை இழுக்குறா, வளைக்கிறா, ஒரு "க" வந்து நிக்கிது. இன்னொரு கோடு, "ணி". நானும் எட்டிப் பாத்தேன். சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாருந்தா என்ன? அவசரத்துக்கு வர்றவனுக்கு வரைஞ்சுக்கிட்டு இருக்க முடியுமா? அதையும் சொன்னேன். அவ என்ன செஞ்சா தெரியுமா? வரைஞ்ச எழுத்தையெல்லாம் சேத்து ஒரு ஃபாண்டாவே பண்ணிட்டா. எங்கயோ போன்ல பாத்துக் கத்துக்கிட்டாளாம். நேத்துப் பெய்ஞ்ச மழைக்கு இன்னைக்கு முளைச்ச காளான், அதுக்கு சொந்தமா ஒரு ஃபாண்டு!

ஒரு நாள் பாக்குறேன், அண்ணாச்சி டீ கிளாஸோட வந்தாரு. என் சேரைத் தாண்டிப் போனாரு. தாண்டித்தான் போனாரு. போயி அவ சேருக்குப் பின்னால நின்னாரு. நான் கையை கீபோர்டுல வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன், காது மட்டும் அங்க இருக்கு. டீ முடிஞ்சுச்சு. "ம்"னாரு. அது எனக்குத் தெரியாத ஒரு "ம்". அப்படி ஒண்ணை அவரு என்கிட்டச் சொன்னதே இல்ல. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல. வயிறு எரிஞ்சுச்சு. வெயில் காலம்ல, அதான்.

என்ன சிரிக்கிறீங்க? வெயில்தாண்ணே.

அடுத்துக் கேளுங்க. நான் சாத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு மறுநாள் வந்து சிஸ்டத்தைப் போடுறேன். எழுத்துப் பட்டனை அமுக்குனேன், கிளிக்கு வச்சேன், அடிச்சேன். வருது பாருங்க அவ எழுத்து! என் சிஸ்டத்துல! என் கையில! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அழிச்சிட்டுத் திரும்ப அடிக்கிறேன், திரும்பவும் அவ எழுத்துதான் வருது. இதுல ஒரு சூட்சுமம் இருக்குண்ணே. ஏற்கெனவே அடிச்ச வரியைப் புடிச்சுக்கிட்டு ஃபாண்டை மாத்துனா அந்த வரி மட்டும்தான் மாறும். எதையும் புடிக்காம, காலிப் பக்கத்தை வச்சுக்கிட்டு ஃபாண்டை மாத்துனோம்னு வைங்க, சாப்ட்வேரு ஒரு கேள்வி கேக்கும், இனிமே எல்லாத்துக்கும் இதேதானான்னு. சரின்னு அமுக்கிட்டா முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் என்ன எழுதுனாலும் அதுலதான் பொறக்கும். அப்ப யாரோ என் சேர்ல உக்காந்து, காலிப் பக்கத்தை வச்சுக்கிட்டு, சரின்னு அமுக்கியிருக்காங்க. இத்தனை வருசமா என் சிஸ்டத்துல பிறவி எழுத்து என்னுதுதான். அதை ஒரே நாள்ல மாத்தியிருக்காங்கன்னா?

போட்டேன் பாருங்க சத்தம். பின்னால மெஷின் ரூம்ல இருந்து, பிரிண்ட் ஓட்டுற குருவையா ஓடி வந்துட்டான், ஷாக் அடிச்சிருச்சோன்னு. "யாருடி உன்னை என் சிஸ்டத்தைத் தொடச் சொன்னது?"ன்னு கேட்டேன். எப்சி எந்திரிச்சு நிக்கிறா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. அப்ப அண்ணாச்சி கல்லாவுல இருந்து சொல்றாரு. "நான்தான் மாத்தச் சொன்னேன் கனி. கண்ணுக்குக் குளுச்சியா இருக்கு. கொஞ்ச நாளைக்கு இதுலயே ஓட்டுவோமே."

குளுச்சியா இருக்காம்.

அவரா சொல்லிருக்க மாட்டாருண்ணே. எனக்குத் தெரியாதா அவரை? இவதான் சொல்ல வச்சிருப்பா. பேசாம இருந்தே சாதிக்கிறவ. அவரு அங்கிட்டுத் திரும்புனதும், காலிப் பக்கத்தை வச்சு என் எழுத்தைத் திரும்பப் போட்டு, சரின்னு அமுக்கிட்டேன். சாயந்தரம் வந்து பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. "ம்"மும் சொல்லல.

அதுக்கப்புறம் கஸ்டமருங்க வாயிலயும் மாறிப் போச்சு. "அந்தப் புதுப்பொண்ணு போடுற மாதிரி வேணும்." எனக்குப் பழக்கமானவங்களே, நான் எதுக்க உக்காந்திருக்கேன்னு கூடப் பாக்காம கேப்பாங்க. அவ, "அக்காவும் நல்லாப் போடுவாங்க, அக்காகிட்டக் குடுங்க"ன்னு தள்ளி விடுவா. பிச்சை போடுற மாதிரி. பெரிய மனசாம்! எனக்கு அதுதாண்ணே ஆத்தாமையா வரும். திட்டுனாக் கூட வாங்கிக்கிடலாம், விட்டுக் குடுத்தா எப்படித் தாங்குறது?

அவ வீட்ல இருந்து மீன் குழம்பு கொண்டு வந்தா எனக்குன்னு ஒரு சின்ன டப்பா தனியா வரும். உங்க வீட்டம்மா கைப்பக்குவமா? நல்லாருந்துச்சுண்ணே. வாங்கித் தின்னேன். தின்னுட்டு டப்பாவைக் கழுவாமக் குடுப்பேன். வேணும்னேதான். கழுவிக் குடுத்தா சிநேகிதம் ஆயிரும்ல.

இன்னொண்ணு சொல்றேன், இதைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க நியாயத்தை. மழைக்காலத்துல ஒரு நாள், அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி வந்து மதுரைக்குப் போயி வந்த புதுசு. கடையில கூட்டம் இல்ல. யாரோ ஒரு பெரியவருக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஓடிக்கிட்டு இருக்கு. அண்ணாச்சி அதைப் பாத்துக்கிட்டே சிரிச்சுக்கிட்டு சொல்றாரு, "ஏம்ப்பா, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா போஸ்டரை எப்சிகிட்டக் குடுத்துருங்க. கனிகிட்டக் குடுத்துராதீங்க. அது அழுதுகிட்டே தப்பா அடிச்சு விட்டுரும்."

எல்லாரும் சிரிச்சாங்க. எப்சி மட்டும், "அப்படியெல்லாம் பேசாதீங்க அண்ணாச்சி"ன்னு கையைப் பிசைஞ்சா. நடிப்பு. எனக்குக் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு. இந்தக் கடையில ஊர்ல செத்தவனுக்கெல்லாம் நான் எழுதியிருக்கேன். அவருக்கு மட்டும் நான் எழுதக் கூடாதா? அவ எழுதணுமா? அழுவேனாம்! யாரு அழுதா? என்னை இந்தக் கடையில யாராவது அழுது பாத்திருக்காங்களா?

இப்படிச் சொன்னாருல்ல. சொன்ன மாதிரியே நடந்துருச்சு. மாசி பொறந்து ஒரு காலையில, நான் அப்பத்தான் ஷட்டரைத் தூக்குறேன், தம்பி போன் பண்ணுறாரு. அண்ணாச்சி மகன் சுரேந்தர். "யக்கா, அப்பா போயிட்டாருக்கா"ன்னு மட்டும் சொன்னாரு. போனை ஆச்சி வாங்கி, "எப்சி வந்துட்டாளா? வந்ததும் படத்தை எடுத்துப் போடச் சொல்லு கனி. அவரு சொல்லியிருக்காருல்ல"ங்குறாங்க. ஆச்சிக்கும் சொல்லியிருக்காரு பாருங்க! வீடு வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கு.

எப்சி வந்தா. விசயத்தைச் சொன்னேன். அவ அப்படியே உக்காந்து ஒரு அழுகை. அழுது முடிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு வந்து வேலையை ஆரம்பிச்சா. நான் என் சேர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். என்கிட்ட ஒரு வேலையும் இல்ல. அண்ணாச்சி படத்தை நடுவுல வச்சா. மேல "கண்ணீர் அஞ்சலி". கீழ "இறைவனடி சேர்ந்தார்". நடுவுல பேரு, அவ எழுத்துல, பெருசா. தனுஷ்கோடி. அதுல "ஷ்" வருதுல்ல, அந்தப் புள்ளியை மட்டும் வட்டமா வைக்காம, ஒரு சின்னப் பூ மாதிரி வச்சிருந்தா. ஏன்னு கேட்டேன். "அண்ணாச்சி ஒரு தடவை கேட்டாருக்கா, எம் பேருக்கு இப்படி வைம்மான்னு"ங்குறா.

எப்பக் கேட்டாரு? எனக்குத் தெரியாம எப்பக் கேட்டாரு? அவரு பேரை நான் அடிச்ச மாதிரி இந்த உலகத்துல யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. பில்லுல, போர்டுல, மகன் கல்யாணப் பத்திரிகையில, எதுல இல்ல? ஒரு நாள் கூட எனக்குப் புள்ளி இப்படி வைன்னு அவரு சொல்லல. என் புள்ளி போதும்னு இருந்தாரு. இவளுக்கு மட்டும் பூவா?

முடிச்சிட்டு, "அக்கா, நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போறேன், ஆச்சி தனியா இருப்பாங்க. குருவையா அண்ணனை ஓட்டச் சொல்லிருங்க"ன்னு கிளம்பிட்டா. பாருங்க, வீட்டுக்கும் அவதான் முந்தி. ஃபைலை என் சிஸ்டத்துக்கு அனுப்பிட்டுப் போயிருக்கா. தொறந்தேன். சும்மா பாக்கத்தான் தொறந்தேன். அண்ணாச்சி படத்துல சிரிச்சுக்கிட்டு இருக்காரு. கீழ அந்தப் பூ வச்ச பேரு. சாவுப் போஸ்டர்ல பூ எதுக்குண்ணே? நீங்களே சொல்லுங்க. மரியாதையா இருக்கா?

அந்தப் பேரை மட்டும் எடுத்தேன். வேற ஒண்ணையும் தொடல, சத்தியமா. திருத்திரலாம்னுதான் பாத்தேன், முடியல. அவ கர்வ் பண்ணி வச்சிருந்தா. கர்வுன்னா, எழுத்தைப் படமா மாத்திடுறது. மாத்திட்டா எந்தக் கம்ப்யூட்டருக்குப் போனாலும் அப்படியே இருக்கும், ஆனா அப்புறம் ஒரு கொம்பைக் கூடத் திருத்த முடியாது. அதனால பேரை மொத்தமா அழிச்சிட்டு, எழுத்துப் பட்டனை அமுக்கி, கிளிக்கு வச்சு, நான் அடிச்சேன். என் எழுத்துல. தனுஷ்கோடி. என்னா அழகா வந்து உக்காந்துச்சுங்கிறீங்க! நின்னா மலை மாதிரி நிக்குது. அண்ணாச்சி பின்னால நின்னு பாக்குற மாதிரி இருந்துச்சு. கண்ணு ரெண்டும் தண்ணியா ஊத்துது, ஸ்கிரீனே தெரியல. மானிட்டர் வெளிச்சம் வேற கூடுதலா இருந்துச்சு. அப்படியே மெஷினுக்கு அனுப்பிட்டு, முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, நானும் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.

கர்வ் பண்ணியான்னு கேக்குறீங்களா? பரவாயில்லயே, லேத்துக்காரரு புடிச்சுக்கிட்டீங்க. பண்ணல. நான் என்னைக்குமே பண்ணுனது இல்ல. எதுக்குப் பண்ணணும்? மெஷின் ரூம் கம்ப்யூட்டர்லயும் என் எழுத்து இருக்குல்ல? இருந்துச்சு. அந்தக் கம்ப்யூட்டரு புகைஞ்சு போயி பொங்கலுக்குப் புதுசு வாங்குனாங்க. புதுசுல என் எழுத்தைப் போட யாருக்கும் தோணல. எப்சி மட்டும் ரெண்டு மூணு தடவை, "அக்கா, உங்க ஃபாண்டைக் குடுங்க, அதுல போட்டு வச்சிருவோம். இல்லாட்டி கர்வ் பண்ணி அனுப்புங்க"ன்னு கேட்டா. குடுப்பனா? என் எழுத்தைக் கொண்டு போயி அவ கையில குடுக்கவா? அது வரைக்கும் நானும் என் வேலையில சின்னச் சின்ன நோட்டீஸா ஜெராக்ஸ்லயே ஓட்டிட்டேன். அந்த மெஷின்ல ஓடுற பெரிய வேலையெல்லாம் அவளுக்குத்தான போச்சு? அன்னைக்கு இருந்த நிலையில இது எனக்கு நினைப்பே வரல.

இந்தப் பழைய ஃபாண்டு இருக்கே, வெளிய தமிழாத் தெரியும், உள்ளுக்குள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கும். அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனா வேசம் கலைஞ்சிரும். குருவையா கவனிச்சிருக்கலாம். அவன், "எனக்கு சைஸ் தெரியும், எழுத்து எனக்கென்ன தெரியும்"ங்குறான். சாவு வீட்டு அவசரம், அழுதுகிட்டே ஓட்டி, ஈரத்தோட சுருட்டி ஆட்டோவுல அனுப்பிட்டான்.

வீட்டு வாசல்ல சாமியானா போட்டு, ஊரே நிக்கிது. ரெண்டு பேரு போஸ்டரை விரிச்சுக் கட்டுறாங்க. நான் ஆச்சி பக்கத்துல உக்காந்திருக்கேன். ஆச்சி ஒரு கையில எப்சி கையைப் புடிச்சிருக்காங்க. என்னைப் பாத்து "வா கனி"ன்னாங்க, அவ்வளவுதான். சரி, போஸ்டர் மேல ஏறட்டும், எல்லாருக்கும் தெரியும்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஏறுச்சு. மேல கண்ணீர் அஞ்சலி, அழகா. அண்ணாச்சி சிரிக்கிறாரு. கீழ இறைவனடி சேர்ந்தார். நடுவுல, பேரு இருக்க வேண்டிய இடத்துல, ஒரு ஜே, கொம்பு முளைச்ச ஒரு ஏ, டாலர் குறி, அதுக்குப் பக்கத்துல ஒரு கமா.

ஐயோ, அந்த நிமிசத்தை என்னன்னு சொல்ல! பந்தல்ல ஒரு கிழவன், "அண்ணாச்சி என்ன வெள்ளைக்காரனா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டான். சின்னப் பயலுக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறானுக. ஊருக்கெல்லாம் பேர் எழுதுன மனுசன், அவரு சாவுல அவரு பேரு இல்ல. ஆச்சி நிமிந்து பாத்துட்டு, "என்னடி இது"ன்னு முனகுனாங்க. சுரேந்தர் தம்பி மூஞ்சி செவந்து போயி நடுப்பந்தல்ல வந்து, "யாரு போட்டது இதை?"ன்னு கத்துறாரு.

எப்சி போஸ்டரைப் பாத்தா. திரும்பி என்னைப் பாத்தா. அந்தப் பார்வை என் எலும்புல போயி நின்னுச்சுண்ணே. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. பாத்த உடனே தெரியாதா, தொழில் தெரிஞ்சவ. நான் எந்திரிக்கப் போனேன். சத்தியமா எந்திரிக்கத்தான் போனேன். அதுக்குள்ள உங்க பொண்ணு எந்திரிச்சு நின்னு, "நான்தான் அண்ணே போட்டேன். நான் சரியாப் பாக்கல. என் தப்புத்தான்"னுட்டா.

பாத்தீங்களா திமிரை? முந்திக்கிட்டா! என் வாயில இருந்து வர வேண்டியதை அவ புடுங்கிக்கிட்டா!

என்னைக் காப்பாத்துனாளாம். குருவையா சொல்றான். தங்கமான பிள்ளையாம், அக்காவுக்கு ஒரு அவமானம் வந்துரக் கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாளாம். யாரு கேட்டா? நான் கேட்டனா? தம்பி, "எங்கப்பா உன்னை எவ்வளவு நம்புனாரு, இனிமே கடைப் பக்கம் வராத"ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. அவ செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. குடையைக் கூட வந்து எடுக்கல.

அதுக்கப்புறம் என்ன நடக்குது தெரியுமா? டீக்கடையில, பஸ் ஸ்டாண்டுல, எங்க போனாலும் இதே பேச்சுதான். "அண்ணாச்சிக்கு அந்த எப்சி போட்ட போஸ்டர்." எப்சி போட்டதாம்! ஆச்சியும் பதினாறாம் நாள் காரியத்தப்போ, "பாவம், அந்தப் பிள்ளை அழுதுகிட்டே போட்டிருக்கும், அதான் தப்பாயிருச்சு. அவரு மேல அம்புட்டுப் பாசம்"னு சொந்தக்காரங்ககிட்டச் சொல்லி அழுகுறாங்க. நான் அங்கனதான் பந்தி பரிமாறிக்கிட்டு நிக்கிறேன். வாளியைக் கீழ வச்சிட்டேன். அழுதது நான். தப்பா அடிச்சது நான். பாசம் அவளுக்காம்! தப்புன்னு வந்தாக் கூட அது அவ தப்பாத்தான் வரணுமா? அதுலயும் எனக்கு ஒரு துளி கிடையாதா?

ஏண்ணே எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க. அட, கோவிச்சுக்கிடக் கூடாதுன்னு முதல்லயே சொன்னேன்ல? மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு?

என்ன? அப்ப அந்தப் பேரை அடிச்சது நீதானம்மாங்குறீங்க. ஆமா, நான்தான். வேற யாரு? இவ்வளவு நேரம் அதைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்? எம் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கல, எந்தக் கடையிலயும் வேலை தர மாட்டேங்குறாங்க, செத்தவரு பேரைக் கெடுத்தவளாம்னு பேசுறாங்கன்னு சொல்றீங்க. இருங்க, கையெடுத்துக் கும்புடாதீங்கண்ணே, எனக்கு அதெல்லாம் ஆகாது. பெரியவங்க நீங்க கும்புட்டா எனக்குப் பாவம். தம்பிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணுமா? வேலை போயிரும்ணே. இந்த வயசுல என்னை எவன் சேத்துக்கிடுவான்? இந்தப் பழைய எழுத்தை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?

இருங்க. ஒரு நிமிசம் பேசாம இருங்க, யோசிச்சுக்கிடுறேன்.

நான் சொல்லலைன்னா அது அவ போட்டதாவே இருக்கும், இல்லையா? இன்னும் வருசம் போனாலும், அண்ணாச்சி சாவைப் பத்தி யாரு பேசுனாலும், கடைசிப் பேரு எப்சிதான் போட்டான்னுதான் சொல்லுவாங்க. ஆச்சி மனசுலயும் அப்படியே தங்கிரும். நான் செத்தாக் கூட ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

ஷட்டரை இறக்குங்கண்ணே. அந்தப் பக்கம் புடிச்சு இழுங்க, இறுகிக்கிடும். தம்பி இப்ப வீட்லதான் இருப்பாரு, ஆச்சியும் இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிருவோம். திட்டட்டும். செருப்பால அடிக்கட்டும். வாங்கிக்கிடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், உங்க பொண்ணுக்கு இரக்கப்பட்டு வர்றேன்னு நீங்க நினைச்சுறாதீங்க. அவகிட்டயும் போயி அப்படிச் சொல்லிறாதீங்க. அண்ணாச்சி பேரைக் கடைசியா அடிச்சது நான். டாலரா வந்தாலும் கமாவா வந்தாலும் அது நான் அடிச்சது. அதை அவளுக்குத் தர மாட்டேன். நடங்க.